சாம்பல் மூடி

பஸ் நிற்கிற இடத்திலிருந்து வீட்டுக்கு
எழுபத்து மூன்று படி என்றார் போஜன்.
முப்பதாவது படியில் தொடை கல்லாகிவிடும்.
படிவத்தில் படிகளுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்: முப்பது.

கோத்தகிரியில், பழைய எக்ஸ்ரே அறையில்,
கம்பளிக்குள் கையை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
தேயிலைக் கொள்முதல் நிலையத்தில் எடை போடுகிறவர்.
மூட்டை தூக்குவதை விட்டு மூன்று வருடம்.
இப்போது எண்களை மட்டும் தூக்கி
நோட்டில் வைக்கிறார்.

குடியா என்று கேட்டவர்கள் உண்டு.
சோம்பல் என்று முடித்தவர்கள் அதிகம்.
தசை சோம்பவில்லை, நாள் முழுக்க அடுப்பூதுகிறது.
சர்க்கரை பாதி எரிந்து
லாக்டேட்டாகக் குவிகிறது என்று விளக்கினேன்.
"பச்சை விறகு" என்றார்.
அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

தங்கை சுகந்திக்குத் தொடையில் குறையில்லை.
படியேறி வந்தாள், மூச்சு வாங்கவில்லை.
அவளுக்கு மாதத்தில் ஒருநாள்
தலையின் இடப்பக்கம் மின்வெட்டு.
கையில் கேரட் இருக்கும், மண்ணோடு.
கேரட் என்ற சொல் இருக்காது.
"அது... அது..." என்று தோட்டத்து நடுவில் நிற்பாள்.
ஒருமுறை அரைமணி நேரம், மழையில்.

உடம்பின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு மூளை.
செலவில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கு.
வரவு குறைகிற நாளில்
அது கடன் சொல்வதில்லை,
கடையைச் சாத்திவிடுகிறது.

ஒரே கோளாறு, இரண்டு முகவரி
என்று குறிப்பேட்டில் எழுதி, அடித்தேன்.
அழகாக இருந்ததுதான் காரணம்.

எடுத்த ரத்தம் அங்கேயே நின்றுவிடாது.
குழாய்க்குள் இருந்தபடி
சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும்,
ஊட்ட ஓர் உடம்பும் இல்லாமல்.
சாம்பல் மூடிக்குள் இருக்கும் வெள்ளைத் தூள்
அதன் வாயைப் பொத்தும்.
மீதியை ஐஸ் பார்த்துக்கொள்ளும்.
கோயம்புத்தூர் மூன்று மணி நேரம்.

குஞ்சப்பனையில் பலாக்காலம்.
வளைவில் ஜீப்பை நிறுத்தினார் சாதிக்.
மூன்று யானைகள்.
அவற்றுக்கு அவசரம் ஒன்றுமில்லை.
பழம் பிளக்கிற சத்தம்,
பிறகு சுளையின் வாசனை.
இனிப்பு எங்கெங்கோ போய்க்
காலாகவும் காதாகவும் அசைந்துகொண்டிருந்தது.

மடியில் பெட்டி. உள்ளே ஆறு குழாய்:
அண்ணனுடையது இரண்டு, தங்கையுடையது இரண்டு,
நோயில்லாதவர் வரிசைக்குச் சாதிக்குடையது இரண்டு.
"என் ரத்தம் என்ன பண்ணுதுங்க?"
"காத்திருக்கு."
"பசிக்காதா?"

பசிக்காது என்று சொல்லிவிட்டு
ஏழாவது குழாயை நினைத்துக்கொண்டேன்.
அது காலி.

மாதியம்மாள் கையை நீட்டித்தான் உட்கார்ந்தார்.
கட்டும் போட்டாயிற்று.
இலை கிள்ளிய கை, நரம்பு சட்டென எழும்பியது.
"எங்கிட்ட எதுக்கு? எனக்கு ஒண்ணுமில்லியே."

இழைமணி தாய்வழி மட்டுமே வரும்.
வகுப்பில் எத்தனையோ முறை சொன்ன வாக்கியம்.
தேர்வில் இரண்டு மதிப்பெண்.
அவர் முகத்துக்கு நேரே அதற்கு
ஒரு வினைச்சொல் கிடைக்கவில்லை.
தந்தீர்கள் என்பதா? வந்தது என்பதா?
சுகந்தி மாதிரி நின்றேன்.

கட்டு ஒரு நிமிடத்தைத் தாண்டினால்
லாக்டேட் தானாக ஏறும். அளவு பொய்யாகும்.
அவிழ்த்தேன்.
அடுத்த வியாழன் வருகிறேன் என்றேன்.
படிவத்தில் எழுதிய காரணம்: கட்டு நேரம் கூடிவிட்டது.
அது உண்மைதான்.

கையில் பதிந்த சிவப்பை அவர் தேய்த்துக்கொண்டார்.
வாசலில் நின்ற இருவரையும் பார்த்தார்.
மகனை, பிறகு மகளை.
அப்புறம் என்னிடம், குரலைத் தாழ்த்தி:
"எங்க அண்ணனும் மேடு ஏற மாட்டான்.
கடைசியில எங்க பேரெல்லாம் மறந்துட்டான்.
அத எழுதணுமா?"

அதற்குப் படிவத்தில் இடம் இருந்தது.
பெரிய கட்டம்.

சாதிக் விளக்கை அணைத்துப் போட்டார்.
"ரோடு விட்டுருச்சுங்க" என்றார்.
பெட்டியின் மூடியைத் தொட்டுப் பார்த்தேன்.
இன்னும் குளிர்ந்துதான் இருந்தது.