மூன்றாவது பாட்டில் அழுகிற பெண்

எட்டுக் கேமராக்கள், இரண்டு இரவுகள்,
ஆன்ட்வெர்ப்பில் ஒரு பழைய சைக்கிள் பந்தய அரங்கு.
வெள்ளி பாடியதும் சனி பாடியதும்
ஒரே இரவாக வேண்டும்,
ஐம்பத்தெட்டு நிமிடத்துக்குள்,
கிறிஸ்துமஸுக்கு முன் கடைக்கு வர வேண்டும்.
வெட்டி ஒட்டுகிற எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.

'லிமோனாட' குழுவில் நான்கு பெண்கள்.
வெள்ளியன்று கத்ரெய்னின் முழங்காலில் ஒன்றுமில்லை,
சனியன்று பிளாஸ்திரி.
என் மேசையில்
அவள் படியிறங்குகையில் காயம் பட்டது,
இரண்டு வரி கழித்து ஆறியது,
கோரஸில் மறுபடி பட்டது.
யார் கவனிக்கப் போகிறார்கள் என்றார் தயாரிப்பாளர்.
பதினோரு கடிதங்கள் வந்தன.
ஒன்றில் காலை வரைந்து அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

ஐந்தாம் கேமரா யோரிஸ்.
கூட்டத்தில் முகம் தேடு என்று அனுப்பினால்
கூரைக் கம்பியில் சிக்கிய புறாவை
நான்கு நிமிடம் எடுத்து வந்திருக்கிறான்.
அதிலும் அரை விநாடி வைத்தேன்,
ட்ரம்ஸ் அதிர்கிற இடத்தில் சிறகு.

முகம் என்று அவன் கொண்டுவந்தது ஒன்றே ஒன்று.
பச்சை ஸ்வெட்டர், மூன்றாம் வரிசை,
அழுகை என்றால் அப்படியொரு அழுகை,
மூக்கு சிவந்து, வாய் கோணி, வெட்கமேயில்லாமல்.
மூன்றாவது பாட்டுக்கு,
அந்த மெதுவான பாட்டுக்கு,
அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது.
இரண்டு விநாடி, ஒன்பது ஃபிரேம்.
கொஞ்சம் நீலம் சேர்த்தேன், மேடை விளக்கு பட்டதுபோல.

உண்மையில் அப்போது பாட்டே தொடங்கவில்லை.
அரங்கு வெளிச்சமாக இருந்தது.
வெட்டாத நாடாவில் அவள் குனிகிறாள், துழாவுகிறாள்,
நெரிசலுக்குள் காணாமல் போய் மேலே வருகிறாள்,
பக்கத்தில் இருப்பவளிடம் சொல்கிறாள்.
ஒலி இல்லாவிட்டாலும் உதடு படிக்கத் தெரியும் எனக்கு:
என் ஷூ.

அட்டையின் பின்பக்கம் தபால்தலை அளவில் அவள் முகத்தைப் போட்டார்கள்.
கேசட் விற்றது. நன்றாகவே விற்றது.

பிப்ரவரியில் ஆல்ஸ்டிலிருந்து ஒரு கடிதம்.
ரோஸ்மரைன், வயது பதின்மூன்று.
"வீட்டில் அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து
நாடாவில் கோடு விழுந்துவிட்டது.
நான் அந்தப் பாட்டுக்கு அழவில்லை.
சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.
வகுப்பில் எல்லோரும் பொறாமைப்படுகிறார்கள்,
எனக்கும் இப்போது அந்தப் பாட்டு வந்தால்
தொண்டை அடைக்கிறது, அது தனிக் கதை.
ஒன்று கேட்கலாமா?
உங்களிடம்தான் எட்டுக் கேமரா இருந்ததே.
சிவப்பு ஷூ, இடது கால்,
எங்காவது தெரிந்ததா?"

அன்றிரவு பெட்டிகளைக் கீழே இறக்கினேன்.
கத்ரெய்னை, புகையை, பந்தத்தை, கைகளையெல்லாம்
வேகமாக ஓட்டித் தள்ளிக்கொண்டு
தரையை மட்டும் பார்த்தேன்.
இந்த வேலையில் பத்தொன்பது வருடம்;
தரையை நான் பார்த்ததே இல்லை.
மிதிபட்ட கோப்பைகள், ஒற்றைக் கையுறை, யாருடைய பல் கம்பியோ.

விடியற்காலை, இரண்டாம் கேமரா.
காவலர் ஒருவர் குனிகிறார், நிமிர்கிறார்,
எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையிலிருந்ததை ஒலிபெருக்கி மேல் வைத்துவிட்டுப் போகிறார்.

பதில் எழுதினேன்:
அன்புள்ள ரோஸ்மரைன்,
உன் கேசட்டிலேயே இருக்கிறது.
ஐம்பத்தோராம் நிமிடம், கடைசிப் பாட்டு,
காகிதப்பூ கொட்டத் தொடங்கியதும் நிறுத்து.
படம் நடுங்கும், பொறுத்துக்கொள்.
கீழே இடது மூலை.