நாலாயிரத்து இருநூறு லீற்றர்

முதலில் வந்தவர் எஞ்சினியர் லூடன்பாஹ்.
சப்பாத்தைக் கழற்றாமலே கூடத்தின் நடுவில் நின்று
குதிகாலால் இரண்டுதரம் தட்டினார்.
கீழே நிலவறை முனகியது.
"இந்த இடத்தில் அறுபது பேர்
நெருக்கி நிற்கிறார்கள் என்று வையுங்கள்," என்றார்,
"ஒருவரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள்."
எங்கள் கலியாணத்துக்கே முப்பத்தெட்டுப் பேர்தான்,
ஹாகன் நகரசபையில்,
அதிலும் பாதிப் பேர் சாப்பிட்டதும் கிளம்பிவிட்டார்கள்.

சாருமதி சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டாள்.
டயலிசிஸ் பிரிவில் பதினேழு வருஷம்.
மற்றவர் இரத்தத்தைக் குழாயில் எடுத்து
கழுவி
திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவள்.
பம்ப், வடிகட்டி, அழுத்தமானி எல்லாம் கைப்பழக்கம்.
எனக்குத்தான் விளங்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.
"ஒருக்காலாவது
ஒருவரும் சாகாத இயந்திரம் ஒன்றை ஓட்டவேணும்."
கொஞ்சம் பொறுத்து,
"மீன் சாகும்தான்" என்று தானே திருத்தினாள்.

நிலவறையில் நான்கு இரும்புத் தூண்.
மேலே மூன்று மீற்றர் மரப்பலகைப் பெட்டி,
உள்ளே எப்பொக்சி மூன்று பூச்சு.
முன்பக்கம் மட்டும் கண்ணாடி. அது
சோபா, டிவி, என் பழைய ஓப்பல்
மூன்றையும் சேர்த்ததைவிட விலை.
ஐந்து பேர் மூச்சுப் பிடித்துத் தூக்கி வருகையில்
பக்கத்து வீட்டு வியெச்சோரெக் அம்மா
வேலிக்கு மேலால் கேட்டா: "நீச்சல் குளமா?"
"இல்லை, மீனுக்கு."
"பொரிக்கவா?"

சிலிக்கன் காய்ந்த ஏழு நாளும்
வீடெல்லாம் வினாகிரி.
சலாட் மணக்கிறாய் என்று
ஆரணியை வகுப்பில் சொன்னார்களாம்.

மூலைகளுக்கு இரண்டாம் பூச்சு, உள்ளே இறங்கித்தான் போடவேணும்.
இரவு வேலை முடித்து வந்தவள்
உடுப்பு மாற்றி, ஏணி வைத்து இறங்கினாள்.
முழங்காலில் நின்று
ஈர விரலால் இழுத்துக்கொண்டே போனாள்.
கண்ணாடிக்கு அப்பால் வாய் அசைந்தது;
சொல் மேலால் சுற்றி
கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்தது.
வெளியே வர நேரமில்லை என்றாள்.
சோற்றுக் கோப்பையை மேலால் இறக்கினேன்.
பருப்பு, கத்தரிக்காய்.
இடப்பக்க மூலையில் சம்மணம் போட்டு
மடியில் வைத்துச் சாப்பிட்டாள்.
இத்தனை வருஷமாக ஒரே மேசை.
அவள் மிளகாயை ஒவ்வொன்றாக எடுத்து
கோப்பை விளிம்பில் வரிசையாக வைப்பதை
அன்றுதான் பார்த்தேன்.
"என்னப்பா பார்க்கிறீங்கள்?"
"ஒன்றுமில்லை. எங்கையாவது கசியுமோ என்று."

சனிக்கிழமை விடிய ஆறு மணிக்குக் குழாயைத் திறந்தோம்.
ஒன்பது மணித்தியாலம்.
முந்நூறில் மழைச் சத்தம்,
மூவாயிரத்தில் சத்தமே இல்லை.
இரும்பு அடிமட்டத்தைக் கண்ணாடியில் சாத்திப் பார்த்தாள்:
ஒன்றரை மில்லிமீற்றர் வளைவு.
"கணக்கில் இரண்டு" என்று சொல்லிவிட்டு
படுத்து உடனே நித்திரையாகிவிட்டாள்.
நான் டோர்ச்சோடு நிலவறைக்குப் போனேன்.
லூடன்பாஹின் அறுபது பேரும்
என் தலைக்கு மேல் நின்றார்கள்.
ஒருவர்கூட இருமவில்லை.

பிறகு ஆறு கிழமை மீன் இல்லை.
தண்ணி பழுக்கவேணுமாம்.
சின்னப் போத்தலில் சொட்டு விட்டுக் குலுக்கினால்
பச்சை என்றால் பொறு,
மஞ்சள் என்றால் சரி.
டோர்ட்முண்டிலிருந்து சிநேகிதர்கள் பார்க்க வந்தார்கள்.
வெறும் தண்ணீர் முன்னால்
கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.
"நல்ல தெளிவு" என்றார் ஒருவர்.
ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஏழாம் கிழமை பன்னிரண்டு மீன்.
என் சின்ன விரல் நீளமும் இல்லை.
இவ்வளவு தண்ணியும் இருக்க
எல்லாம் இடப்பக்க மூலையில்
ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன.
"பயம்" என்றாள் சாருமதி. "பழகும்."
நான் வேறு ஒன்று சொல்ல நினைத்து
விட்டுவிட்டேன்.

இன்றைக்கு அவளுக்குப் பின்னேர வேலை.
குளிர்சாதனப் பெட்டியில் சீட்டு ஒட்டியிருக்கிறது:
எட்டுச் சொட்டு. ஐந்து நிமிஷம்.
நிறத்தைப் பார்த்து எழுதிவையுங்கோ.
பார்த்தேன்.
மஞ்சள் போலத்தான்.
உறுதியில்லை.
யன்னலடிக்குக் கொண்டுபோய்
இன்னொருக்கால் பார்க்கிறேன்.