பதிவேட்டில் ஓர் எல்

கூடலூரில் பேக்கரிக்கு மேல்மாடி.
செவ்வாயும் வியாழனும் ஆறரைக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ்.
கீழே பன் வேகிற வாசம்.
பலகையில் ஷெரின் மிஸ் எழுதிய சொல்:
லீவ்.

தெரிந்த சொல். கையைத் தூக்கினேன்.
தேவாலாப் பக்கம் எஸ்டேட்டில்
கொழுந்து எடை போடுகிறவன் நான்.
மற்றவர்களுக்கு லீவு லெட்டர் எழுதவே
தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.
காய்ச்சல், காதுகுத்து, கல்பெட்டாவில் சித்தப்பா சாவு.
அந்தச் சித்தப்பா இதுவரை மூன்று முறை செத்திருக்கிறார்.

அது ஓர் அர்த்தம்தான் என்றார் மிஸ்.
பஸ் எட்டுக்கு லீவ் பண்ணும்: கிளம்பும்.
குடையை பஸ்ஸில் லீவ் பண்ணினேன்: மறந்து வைத்தேன்.
கதவை அப்படியே லீவ் பண்ணு: தொடாதே.
எனக்குக் கொஞ்சம் சோறு லீவ் பண்ணு: மிச்சம் வை.

கிளம்புவதற்கும் மிச்சம் வைப்பதற்கும் ஒரே சொல்லா?
அநியாயம் என்றார் ஜீப் ஓட்டும் ஹம்சா.
உங்கள் 'விடு' மட்டும் என்னவாம் என்றார் மிஸ்.
ஆளுக்கொன்றாக ஆரம்பித்தோம்.
கையை விடு. கதை விடு. பட்டம் விடு.
பிள்ளையை ஸ்கூலில் கொண்டுபோய் விடு.
போகட்டும், விடு.
மூச்சு விட்டால் உயிரோடு இருக்கிறான்,
மூச்சை விட்டால் போய்ச் சேர்ந்தான்.
நடுவில் ஓர் ஐ.
ஹம்சா அதற்குப் பிறகு பேசவில்லை.

ஒரு இலை லீஃப், பல இலை லீவ்ஸ்
என்றும் எழுதிக்கொண்டேன்.
பதினாலு வருஷமாக என் தராசில்
லீவ்ஸ்தான் ஏறி இறங்கியிருக்கிறது.

அந்த வாரம்தான் தவராணி லீவு கேட்டாள்.
ரெண்டு நாள், பல்வலி என்று எழுதச் சொன்னாள்.
எழுதினேன்.
காலை பஸ்ஸுக்கு நின்றவள் கையில்
சக்கரம் வைத்த பெட்டி, புதுசு, விலைச்சீட்டு கிழிக்காதது.
எங்கள் லைனில் பல்வலிக்கு
யாரும் பெட்டி கொண்டு போனதில்லை.
"வரட்டா?" என்றாள்.
போகிறவர்கள் இப்படிக் கேட்பதை
மிஸ்ஸிடம் எந்த இங்கிலீஷில் சொல்வது?

பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே எல்.
செவ்வாய் எல். புதன் எல்.
வியாழன் அடைமழை, எல்.
காலை நீட்டி உட்கார்ந்த ஆள் மாதிரி
பதினோரு எல், வரிசையாக,
வராத லாரிக்குக் காத்திருப்பது போல.

ஆபீசர் பொன்னப்பா பேனாவால் தட்டினார்.
இது லீவா, லெஃப்டா?
லெஃப்ட் என்றால் பேரை அடி.

அன்று வகுப்பில் கேட்டேன்.
லீவின் இறந்தகாலம் லெஃப்ட் என்றார் மிஸ்.
இடது கையும் அதே சொல்.
கீழே எட்டிப் பார்த்து,
மூணு பன் லெஃப்ட் என்றும் சொல்லலாம்,
மூணு பன் பாக்கி.
அப்போ போனவளும் லெஃப்ட்,
அவள் நிரையில் பறிக்க ஆளில்லாமல்
முற்றிப்போன கொழுந்தும் லெஃப்ட்.
சரிதானே மிஸ்?
கிராமர் சரி என்றார்.

கடைசி பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை,
நாடுகாணியில் பனி உள்ளே ஏறி உட்கார்ந்தது.
அப்போது போன் அடித்தது.
பின்னால் தையல் மிஷின்களின் இரைச்சல்.
திருப்பூர், பனியன் கம்பெனி, செக்கிங்.
"பல் எப்படி?" என்றேன்.
சிரித்தாள், எல்லாப் பல்லும் கேட்டது.
"என் பேருக்கு என்ன போட்டிருக்கே?"
"எல்."
"நெசமாவா? இங்க நாள் பூரா எனக்கு அதான் வேலை.
எஸ் ஒரு பெட்டி, எம் ஒரு பெட்டி,
எல்லு மட்டும் குவிஞ்சு கெடக்கு."

வளைவில் சிக்னல் போனது.

காலையில் பதிவேட்டைத் திறந்து
பன்னிரண்டாவது எல் போட்டேன்.
மீதி எழுத்துகளை வேண்டுமானால்
பொன்னப்பா சார் எழுதிக்கொள்ளட்டும்.
வெளியே முதல் சாக்கு வந்து நின்றது,
நனைந்த கொழுந்து, ஈர எடை ரெண்டு கிலோ கழிக்கணும்.