ஐம்பத்தெட்டு கிலோ

அணையில் வெள்ள மீட்பு ஒத்திகை.
ஆரஞ்சு நிற ரப்பர் படகு, தீயணைப்பு வண்டி,
மைக்கைத் தட்டிப் பார்க்கும் தாசில்தார்,
கரைக் கடைகளில் மீன் வறுபடும் புகை.
நான் மீன் வாங்க வந்தவன்.
எலத்தகிரி சவேரிநாதன், வயது எண்பத்திரண்டு.
நீச்சல் தெரியாது.

இதைச் சொன்னபோது அங்கேயும் சிரித்தார்கள்.
ஜெனோவாவில் கப்பலை விட்டிறங்கி
மலைகளுக்கு நடுவே ஓர் ஏரிக்கரையில்
ரென்சோவின் பட்டறைக் கதவைத் தட்டிய நாள்.
சிரித்து முடித்து
சோளமூட்டைத் தராசில் என்னை ஏற்றினான்.
ஐம்பத்தெட்டு.
"வேலைக்கு வா" என்றான்.

பந்தயப் படகு அப்போதெல்லாம்
கொஞ்சம் ஒட்டுப்பலகை, நிறைய வார்னிஷ்,
பின்னால் அலறுகிற ஒரு மோட்டார்.
இரண்டு பேர் உட்காரலாம்.
ஒருவன் ஓட்டுவான்.
ஒருவன் எடை.

திருப்பத்தில் பாதி உடம்பை
வெளியே தொங்கவிட வேண்டும்.
நேர்த்தடத்தில், எதிர்காற்றில்,
மூக்கின்மேல் குப்புறப் படுக்க வேண்டும்.
மோட்டார் இருமினால் எழுந்து பார்க்கவும் வேண்டும்.
சம்பளம் இருமலுக்குத்தான்.

எரிபொருளில் விளக்கெண்ணெய் கலப்பார்கள்.
முதல் நாள் டப்பா மூடியைத் திறந்ததும்
எனக்கு வயிறு கலங்கிவிட்டது.
எங்கள் மேட்டுக்காட்டு ஆமணக்கு
இவ்வளவு தூரம் எதற்கு வந்தது?
அம்மா என் மூக்கைப் பிடித்துச்
சங்கில் ஊற்றியது
இங்கே மணிக்கு நூறு கிலோமீட்டர் ஓடியது.
கரையில் தொப்பி வைத்த சீமாட்டிகள்
அந்தப் புகையை இழுத்துக் கண்மூடி
"ஆகா" என்பார்கள்.
பேதி மருந்தம்மா அது.
எந்த மொழியில் சொல்வது?

அறுபத்தாறில் புதுப் படகு வந்தது.
ஒல்லி. ஒரே இருக்கை.
ரென்சோ காகிதத்தில் போட்டுக் காட்டினான்:
நீ இல்லையென்றால் ஆறு கிலோமீட்டர் கூடும், சவேரியோ.
கணக்கு சரி.
நானே சரிபார்த்தேன்.

மூன்றாம் சுற்று.
கையில் நிறுத்து கடிகாரத்தோடு நான் கரையில்.
மூக்கு கொஞ்சம் தூக்கியது,
படுத்திருந்த நாய் தலை நிமிர்த்துவதைப் போல.
பிறகு வயிறு முழுதும் தெரிந்தது.
அந்த வெள்ளைச் சாயம் நான் அடித்தது.

கடிகாரத்தை நான் நிறுத்தவில்லை.
யாரோ பிறகு
விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்கள்.

ஊருக்கு வந்து போர்வெல் வண்டிகளுக்குக்
கம்ப்ரஸர் பார்த்தேன்.
தொள்ளாயிரம் அடியில் ஈரமண்,
ஆயிரத்து நூறில் புழுதி.
ஒருவரும் என் எடையைக் கேட்கவில்லை.
இரவில் மட்டும் அந்தக் கணக்கு வரும்.
ஐம்பத்தெட்டு கிலோ,
மூக்கிலிருந்து மூன்று அடி, எதிர்காற்று இவ்வளவு.
சில இரவு படகு படிந்து போய்விடும்.
சில இரவு இரண்டு பேரும் சாவோம்.
விடை ஒருநாளும் ஒன்றாக வந்ததில்லை.

"முன்னால யாராச்சும் ஒருத்தர் உக்காருங்க,
மூக்கு தூக்குது!"
படகிலிருந்து கத்தியது மாதேஷ்,
போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பையன்.
மீன் பொட்டலத்தை யார் கையில் கொடுத்தேன்
என்று இப்போதும் தெரியவில்லை.

"பெருசு, எத்தன கிலோ?"
ரேஷன் கடைத் தராசில் ஐம்பத்தொன்று.
"பரவால்ல."

புகை இல்லை, வாசனை இல்லை,
இந்தக் காலத்து மோட்டார் சுத்தமாகக் குளித்திருக்கிறது.
மதகுப் பக்கம் அவன் வளைத்ததும்
என் உடம்பு என்னைக் கேட்காமல்
வெளியே சாய்ந்தது.
"விழுந்துடாதீங்க யோவ்!"
மூக்கு படிந்தே இருந்தது.
படிந்தே இருந்தது.

மிதவைகளருகே மோட்டாரை அணைத்தான்.
கரையில் கைதட்டல்.
மாதேஷ் எழுந்து நின்று கையாட்டப் போனான்.
உட்காருப்பா, என்றேன்.
ஏன் என்பதுபோலத் திரும்பினான்.

நின்ற பிறகுதான் வந்து சேரும்
நாம் கிளப்பிவிட்ட அலை.
இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

வந்தது.