பத்தொன்பதாம் வசனம்

கொக்குவிலில், ரியூசன் வகுப்பின் பின் மண்டபத்தில்
கரும்பலகைக்கு மேலே ஆணியடித்து
வெள்ளைப் படுக்கை விரிப்பொன்றைக் கட்டினோம்.
அழிக்க மறந்த இரசாயனச் சமன்பாடு
துணியினூடே தெரிந்தது.
படத்தில் பனி பெய்தபோது
பனிக்குள் யாரோ கணக்குச் செய்வதுபோல் இருந்தது.

கையால் கீறிச் செய்த ஜப்பான் படம்.
ஒரு பெட்டை, தோளில் ஏணியோடு
ஆளில்லாத பட்டினத்துக்குள் நடக்கிறாள்.
மதில் வரும். நிற்பாள். சாத்த மாட்டாள்.
மரம் வரும். நிற்பாள்.
ஒரு கிணற்றடியில் ஏழு நிமிடம்
தண்ணீர் மட்டும் அசைகிறது.
மொத்தம் பத்தொன்பது வசனம்.
தமிழில் அவற்றை எழுதியது நான்.

ஒன்பதாம் நிமிடத்தில்
முதற் கதிரை இழுபட்டது.

லைற்றைப் போட்டதும் அருளம்பலத்தார் எழும்பினார்.
வங்கியில் முப்பது வருடம் கையெழுத்துச் சரிபார்த்தவர்.
"இதைப் பாக்கவோ சங்கானையிலையிருந்து பஸ் ஏறினனான்?
ஏணி எண்டால் ஏற வேணும்."

"ஏறாததுதான் படம்" என்றாள் சுகிர்தா.
பெரியாஸ்பத்திரியில் நேர்ஸ்.
"விடியப்புறம் மூண்டு மணிக்கு
ஒரு வாட்டிலயிருந்து மற்ற வாட்டுக்கு
நான் இப்பிடித்தான் நடக்கிறனான்.
கையில ஏதோ இருக்கும்.
ஏனெண்டு மறந்திருக்கும்."

நிரோஜனுக்குத் தொண்டை கட்டியிருந்தது.
"வெறும் பட்டினம், வெறும் வீடுகள்...
தொண்ணூற்றைஞ்சு. எங்கட கதை."
"எல்லாத்துக்குள்ளயும் எங்கட கதையைத் தேடாதை"
என்றான் றெஜினோல்ட். "அது ஏணி."

ஒன்பதாம் நிமிடம் எழும்பிப் போனவன்
வாசலில் நின்று
எல்லோரையும்விட உரத்துக் கதைத்தான்.
ஓட்டோ சிவபாதம் கண்ணைக் கசக்கினார்:
"நல்ல படம் தம்பி. நடுவில ஒருக்கா முழிச்சன்.
அப்பவும் கிணறுதான்."

கூரைத் தகரம் மாற்ற வந்து
மழைக்காக நின்றுவிட்ட மேசன் பெனடிக்ற்
பின் சுவரோடு குந்தியிருந்தார்.
"தொடக்கத்தில பதின்மூண்டு படி.
கடைசியில பன்னிரண்டு."

மண்டபத்தில் வாளிக்குள் ஒழுக்கு விழும் சத்தம்.

"கீறினவன் பிழை விட்டிருப்பான்."
"இல்லை, ஒரு படி செலவாகியிருக்கு."
"எதுக்கு?"
"எனக்கென்ன தெரியும்?
எண்ணினதைச் சொன்னனான்" என்று
பீடியைத் தேடிச் சட்டைப் பையைத் தட்டினார்.

பிறகு கடற்கரைக் காட்சிக்கு வந்தார்கள்.
ஏணியை மணலில் கிடத்திவிட்டு
அவள் சொல்லும் பத்தொன்பதாம் வசனம்.
"திரும்பி வருவாள். சொன்னவளெல்லோ,
போட்டு வாறன் எண்டு."
"சொன்னால் வரவேணுமோ?
சொல்லிப்போட்டுப் போனவை எல்லாரும் வந்தவையோ?"
அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.
படத்தில் தனக்கு விளங்கிய ஒரே வசனம் அதுதான்
என்றார் அருளம்பலத்தார்.

நான் வயர் சுருட்டிக்கொண்டிருந்தேன்.
எனக்கு ஜப்பான் மொழி தெரியாது.
ஆங்கிலத்தைப் பார்த்துத்தான் எழுதினேன்.
அங்கே இருந்தது 'போகிறேன்' மட்டும்.
படலையடியில் நின்று
வெறும் போறன் சொல்ல எந்த வாய் வரும்?
விரல் தன்பாட்டில் ஒரு வாறனைச் சேர்த்தது.
அவள் எங்கேயோ போனாள்.
அரை மண்டபம் என் வாய்ப்பழக்கத்தை நம்பி
அவளுக்காகக் காத்திருக்கிறது.

"இனி உங்கட படமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். போறன்!"
அருளம்பலத்தார் செருப்பைத் தேடினார்.
குடைக்குள்ளிருந்து மனைவி சொன்னார்:
"போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ."
முகத்தைத் திருப்பிக்கொண்டு
சொல்லிவிட்டுத்தான் போனார்.

இரவு கோப்பைத் திறந்து
அந்த வாறனை அழித்தேன்.
அவள் கடலோரம்
போறன் என்ற சொல்லுக்கு மேலே நின்றாள்.
பார்க்க ஏலவில்லை.
கண்ணை ஏணிக்கு மாற்றிப் படிகளை எண்ணினேன்.
பன்னிரண்டு.
திரும்ப எண்ணினேன். பன்னிரண்டு.
ஒன்று மணலுக்குள் இருக்கலாம்.

மாற்றத்தைச் சேமிக்கவா என்று கேட்டது கணினி.
கேட்டபடி நிற்கிறது.