கடைமடைக்கு அறுநூறு கிலோபிட்

டிவிடியைச் சட்டைக்குள் செருகி வந்தார் பக்கிரிசாமி.
கையில் நாலங்குல பிளேயர்,
மச்சினன் பர்மா பஜாரில் வாங்கியது.
திரையில் ஒட்டிய தாளை இன்னும் உரிக்கவில்லை.
"திங்கக்கெழம திருவாரூர் போறோம்.
அதிகாரி மூஞ்சிக்கு நேரா நீட்டணும்.
வெடிப்பு வெடிப்பாத் தெரிஞ்சாப் போதும்."

திருத்துறைப்பூண்டி ரயிலடியில் என் கடை.
எத்தனையோ கல்யாணம், காதுகுத்து
என் கையால் சுருங்கி
துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போயிருக்கின்றன.
வயலைச் சுருக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை.

நாற்பது நொடி வெட்டினேன்.
முதலில் மேலே ரெகுலேட்டர்,
ஷட்டருக்கு அடியில் சீறும் தண்ணீர்.
பிறகு இடும்பாவனத்துக்குத் தெற்கே அவர் நிலம்.

எம்பெக் ஒன்றில் போட்டேன்.
வெடிப்பெல்லாம் ஆறிப்போய்
மெழுகிய தரையாய் வழவழவென்று கிடந்தது.
"இது யாரு நெலம்?" என்றார்.

எக்ஸ்விட், முந்நூறு கிலோபிட்.
ஷட்டர் ஓரம் சீப்புப் பல்லாய்ப் பிசிறியது;
டிஇன்டர்லேஸ் போட மறந்திருக்கிறேன்.
போட்டு மறுபடி ஓட்டினால்
தண்ணீர் சதுரம் சதுரமாய் உடைகிறது,
ஓடுகிற ஆற்றில் யாரோ வரப்பு வெட்டியதுபோல.
வயல் வந்தபோது
எது கட்டம், எது வெடிப்பு,
எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.
காய்ந்தது பயிரா உங்க சிடியா என்று கேட்பார்கள்.

அப்புறம் ஹெச் டூ சிக்ஸ் ஃபோர்.
மானிட்டரில் பார்த்து வாய்விட்டுச் சொன்னேன், அடேயப்பா.
அதே முந்நூறுதான்.
வெடிப்புக்குள் நிழல்,
நிழலுக்குள் செத்த நத்தை ஒன்று.
பிளேயரில் ஏற்றினோம்.
கறுப்பு.
கறுப்புக்குள்ளிருந்து பக்கிரிசாமியின் குரல் மட்டும்
லஸ்கரின் ஏழு தலைமுறையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.
பெட்டியில் இந்த ஃபார்மட்டும் ஓடும் என்று போட்டிருக்கிறதே என்றேன்.
"தண்ணி வந்துருச்சுன்னு
பேப்பர்லயுந்தான் போட்டான்."

சரி, எக்ஸ்விட்டே. இரண்டு ஓட்டமாய்.
முதல் ஓட்டத்தில் எழுதாது, பார்க்க மட்டும் செய்யும்.
இரண்டாவதில் பங்கு வைக்கும்.
நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.
"யாரு பங்கு வைக்கிறா?"
மிஷின்தான்.
"கடேசி வரைக்கும் பாத்துட்டா வைக்குது?"
கடைசி ஃப்ரேம் வரைக்கும்.
கொஞ்சநேரம் அவர் பேசவில்லை.

சராசரி அறுநூறு என்று கொடுத்தேன்.
கோடுகள் ஏறின, இறங்கின.
அசைவதற்கெல்லாம் அள்ளிக் கொடுத்திருந்தது மிஷின்.
ரெகுலேட்டர் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டிக் குடித்திருந்தது.
அசையாமல் கிடந்த வயலுக்கு நூற்றுச் சொச்சம்.
"இங்கயும் மேல உள்ளவனுக்குத்தானா."

சோன் என்று ஒன்று உண்டு.
இந்த ஃப்ரேமிலிருந்து இந்த ஃப்ரேம்வரை
கூடுதலாய்க் கொடு என்று நாமே சொல்லலாம்.
சொன்னேன்.
ஒலிக்கு மட்டும் நூற்றிருபத்தெட்டு போகிறது,
அதை என்ன செய்ய என்று கேட்டேன்.
தலையைச் சொறிந்தார்.
"அந்தப் பேச்சு ஆபீசுக்கு ஆவாதும்மா. எடுத்துரு.
மிச்சம் ஆவுறத நெலத்துக்கு வுடு."

ராத்திரி எண்பத்து மூன்று சதவீதத்தில் கரண்ட் போனது.
இரண்டு மணிக்கு வந்தது.
முதலிலிருந்து.

விடிந்ததும் வந்து, தாளை உரித்து,
பிளேயரை மூக்குவரை கொண்டுபோனார்.
வெடிப்புக்குள் அவரே கைவிடுகிற இடம்.
விரல், உள்ளங்கை, மணிக்கட்டு.
"தெரியுது" என்றார். "கை போறது தெரியுது."
எழுபது ரூபாயை எண்ணி வைத்துவிட்டு
ஏழரை பஸ்ஸுக்கு ஓடினார்.

நத்தை தெரியவில்லை.
நான் அதைச் சொல்லவுமில்லை.

வசவு மட்டும் டி டிரைவில் இருக்கிறது,
ஒரு எழுத்துத் தேயாமல்.