வாசனை நீக்குவதற்கு முன்

வியாழக்கிழமை லாரி வரும்.
வோரு ஊருக்கு வெளியே, பனி வாரிய சாலையில்
பின்புறமாக நகர்ந்து, கத்திக் கத்தி,
மரத்தூளைக் கொட்டிவிட்டுப் போகும்.
ரசீதில் கையெழுத்து: ஹெல்துர்.
முதல் எழுத்தின் கால்
கோட்டைத் தாண்டி இன்னும் அப்படியே நீள்கிறது.
விவாகரத்துக் காகிதத்திலும் நீண்டது.

அவன் அறுக்கிறான்.
பலகை கப்பலேறிப் போகிறது,
வாளின் பல்லுக்குத் தப்பியது என்னிடம் வருகிறது.
நான் அதைச் சர்க்கரையாக்குகிறேன்.
நான் என்றால் நீராவியும் அமிலமும்தான்;
வால்வைத் திருப்புகிற வேலை மட்டும் எனக்கு.

எண்ணெய்க்காகக் காய
இங்கே எள் கிடையாது.
காய வெயிலும் கிடையாது.
டிசம்பரில் மூன்றரைக்கே இருட்டி,
மூன்றாம் தொட்டியின் கண்ணாடிச் சில் மட்டும்
செங்கல் நிறத்தில் எரிகிறது.
உள்ளே ஈஸ்ட்.

முதல் இரண்டு நாள் கேட்டதெல்லாம் கொடுப்போம்.
இரண்டு நாலாகும், நாலு எட்டாகும்.
மூன்றாம் நாள் நைட்ரஜனை நிறுத்திவிட்டு
சர்க்கரையை மட்டும் ஊற்றிக்கொண்டே இருப்போம்.
பெருக வழியில்லாத செல்
தின்றதையெல்லாம் எண்ணெயாக்கி
தனக்குள்ளேயே பதுக்கிக்கொள்ளும்.
பட்டினி போட்டால் இளைக்கும் என்பார்கள்.
ஒன்றை மட்டும் மறுத்துப் பாருங்கள்,
பருக்கும்.

இது எனக்குப் புதிதில்லை.
பன்னிரண்டு வருஷம்
கூரை வரை விறகு அடுக்கினான் ஹெல்துர்,
சம்பளத்தை மேசை மேல் வைத்தான்,
சனிக்கிழமை தோறும் சவுனாவைச் சூடேற்றினான்.
பேச்சை மட்டும் கொடுக்கவில்லை.
நான் எதையெல்லாம் உள்ளே பதுக்கினேன் என்று
யாரும் உடைத்துப் பார்க்கவில்லை, நல்லவேளை.

இங்கே உடைக்கிறோம்.
கண்ணாடி மணிகளோடு சேர்த்துச் சுழற்றினால்
செல் வெடித்து எண்ணெய் பிரியும்.
பிண்ணாக்கு பன்றிப் பண்ணைக்கு.
எண்ணெய், தாலினில் இருந்து வரும் மேடத்துக்கு.
அன்னெலி என்று பெயர்; வெள்ளைக் கோட்டு,
பூட்ஸில் உப்புக் கறை.
நிறம் வேண்டாம் என்றாள்.
வாசனை வேண்டாம்.
டப்பாவில் பூஞ்சை என்ற சொல் கண்டிப்பாக வேண்டாம்.
"வடகாட்டுத் துளி" எப்படி, என்று கேட்டாள்.
இஞ்சினியர் தாய்வோ கூரையைப் பார்த்தார்.

அதனால் களிமண்ணில் வடிகட்டிச் சிவப்பை எடுக்கிறோம்,
ஆவியடித்து வாசனையை எடுக்கிறோம்.
மிஞ்சுவது தண்ணீர் போல இருக்கும்;
முகத்தில் தடவினால் முகம் மட்டும் இருக்கும்.
பாமாயிலுக்குப் பதில் இது, காடு அழியாது
என்கிறது விளம்பரம்.
நான் லாரியை நினைத்துக்கொள்கிறேன்,
ஒன்றும் சொல்வதில்லை.

தோல் சோதனைக்கு ஆள் கேட்டார்கள், முப்பது யூரோ.
முன்கை நீட்டினேன். ஆறு சதுரப் பட்டி,
இரண்டு நாள் நனைக்கக்கூடாது.
சிவக்கவில்லை, அரிக்கவில்லை.
"உங்கள் தோல் எதையும் தாங்கும்" என்றாள் நர்ஸ்.
பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் ஜாம் பாட்டில் ஒன்று என் அலமாரியில் இருக்கிறது.
ஆவியடிப்பதற்கு முன்னால் பிடித்தது,
ஆரஞ்சுச் சிவப்பு, கொஞ்சம் கலங்கல்.
குளோரின் கழுவிக் கழுவி வெடித்த விரல் மூட்டுகளில்
போன வாரம் இரவு ஷிப்டில் தடவினேன்.
மூடியைத் திறக்கும்போதே மனம் தயாராகிவிட்டது:
தளிர்மரப் பிசின் மணக்கும்,
அவன் சட்டைக் காலர் மணக்கும்,
மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று.

அப்படி எதுவும் இல்லை.
ரொட்டியின் அடிக்கருகல், லேசாகப் புளிப்பு,
அப்புறம் பெயர் தெரியாத ஏதோ ஒன்று,
ஈஸ்டுக்கே சொந்தமானது.
அவனை முழுசாகத் தின்று தீர்த்திருக்கிறது.

இன்று வியாழன்.
டிரைவர் நீட்டிய ரசீதை
கையுறை இல்லாத கையால் வாங்கிவிட்டேன்.
கட்டைவிரல் எண்ணெய் பட்ட இடத்தில்,
கையெழுத்தின் மேலேயே,
காகிதம் மெல்லக் கண்ணாடியானது.
பின்பக்க எடை தெரிந்தது:
பதினெட்டு டன், ஈரம் சேர்த்து.